கொடுங்கோலும் வெள்ளைப் புடவையும் - கே.பி.எஸ்.

கே.பி.சுந்தராம்பாள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு பாட்டியின் உருவம். கையில் கோல், நெற்றி நிறைய விபூதி, வெள்ளைப் புடவை, முருகனையே அதட்டிக் கேள்வி கேட்கும் குரல். தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' போடும்போதெல்லாம் இந்தப் பாட்டி வீட்டுக்குள் வந்துவிடுகிறார். பாட்டியாகவே பிறந்தவரோ என்று கூடத் தோன்றும்! ஆனால் அந்த வெள்ளைப் புடவையை அவர் கட்டிக் கொண்டபோது அவருக்கு வயது 25 தான்.

காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908ல் பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' என்பது கொடுமுடி, 'பி' என்பது அம்மா பாலாம்பாள். ஊரையும் தாயையும் தலையெழுத்தாகச் சுமந்தவர். வறுமை வாட்டிய குடும்பம். சின்ன வயதிலேயே ரயிலில் பாடிக் காசு சேர்க்க வேண்டிய நிலைமை. அந்தக் குரலை ரயிலில் கேட்ட ஒருவர் மூலமாகத்தான் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாலபார்ட் வேடத்தில் தொடங்கி, பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று எல்லாம் போட்டார்.

அன்றைய நாடக மேடை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். இரவு முழுக்க நாடகம் நடக்கும். பிடித்த பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கொண்டே இருப்பார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் வெவ்வேறு ஊரிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகை கூட இல்லாமல் மேடையில் சந்தித்து, பாட்டிலும் பேச்சிலும் மோதிக் கொள்வார்கள். அசந்தால் எதிராளி மேடையிலேயே மானத்தை வாங்கிவிடுவார். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர் சுந்தராம்பாள்.

அந்தக் காலத்தில் எதிரில் நின்று பாடவே மற்றவர்கள் பயந்த நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அவரும் சுந்தராம்பாளும் முதலில் சேர்ந்து நடித்தது இலங்கையில், 1926ல். அவரோடு பாடினால் நீ காணாமல் போய்விடுவாய் என்று சிலர் பயமுறுத்தினார்களாம். சுந்தராம்பாள் பயப்படவில்லை. வேலனும் வள்ளியுமாக இரண்டு பேரும் மேடையில் நின்றால் கூட்டம் அலைமோதியது. மேடைப் போட்டி காதலாகி, கல்யாணத்தில் முடிந்தது.

ஆனால் அந்த வாழ்க்கை சுகமாக இருக்கவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதியும் வேறு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்பில் பிரிவுகள் வந்தன. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் அன்பு இருக்கிறது, கோபமும் இருக்கிறது. புருஷன் சொன்னதே வேதம் என்று வாய்மூடிக் கிடந்த பெண்ணின் கடிதங்கள் அல்ல அவை. தனக்கு நேர்ந்தது நியாயம் இல்லை என்று நேருக்கு நேர் கேட்கும் பெண்ணின் கடிதங்கள்.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்து போனார். வயது 27. அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். கடைசி வரை அதை மாற்றவே இல்லை.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவருடைய கதையை நிறுத்தி, "எப்பேர்ப்பட்ட பத்தினி!" என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். அவருடைய துக்கம் உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 47 வருஷங்களைப் பார்த்தால், அழுது கொண்டு மூலையில் உட்கார்ந்த பெண் யாரும் அங்கே இல்லை.

சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தார்கள். தேர்தல் பிரசாரத்தில் பாடினார். அந்தக் குரலைக் கேட்கவே கூட்டம் கூடியது. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாற, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, தட்டையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதையை இன்றும் சொல்கிறார்கள்.

சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு விருப்பம் இல்லை. முடியாது என்று சொல்வதற்குப் பதிலாக, ஒரு லட்ச ரூபாய் கேட்டார். ஓடிப் போய்விடுவார்கள் என்று நினைத்தார். தயாரிப்பாளர் சரி என்று சொல்லிவிட்டார்! 1935ல் வெளியான 'பக்த நந்தனார்' அது. அந்தக் காலத்தில் ஒரு லட்சம் என்பது நினைத்தே பார்க்க முடியாத தொகை. ஆணோடு ஜோடி சேர மாட்டேன் என்ற சபதத்துக்கும் பங்கம் வரவில்லை. ஏனென்றால் அவர் போட்டது நந்தனார் வேடம், ஆண் வேடம்! கல்கி அந்தப் படத்தை ஆனந்த விகடனில் கடுமையாகக் கிண்டல் செய்து எழுதினார். அதனாலெல்லாம் சுந்தராம்பாளின் மவுசு குறையவில்லை.

1953ல் ஜெமினியின் 'ஔவையார்'. இந்த வேடம் அவருக்கு அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று நினைத்த இளம்பெண், பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழவியானாள் என்பது ஔவையின் கதை. கிழவியானதும் அவளுக்கு ஊர் ஊராகப் போகும் சுதந்திரம் கிடைத்தது. அரசனைக் கண்டிக்கும் அதிகாரமும் கிடைத்தது. கொடுமுடிப் பெண் செய்ததும் அதுதானே? நடிகை என்றாலே நாக்கில் நரம்பில்லாமல் பேசிய காலம். 25 வயதில் தானாகவே முதுமையை எடுத்து உடுத்திக் கொண்ட ஒருத்தியைப் பற்றி யாரால் என்ன பேச முடியும்? அவர் எங்கே வேண்டுமானாலும் போனார், யாரிடம் வேண்டுமானாலும் பேசினார், கேட்ட விலையை வாங்கினார். 1950களில் சென்னை சட்ட மேலவைக்கும் போனார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குள் நுழைந்த முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள்.

தன் கொள்கையை அவர் யாருக்காகவும் விட்டதில்லை. 1964ல் மு.கருணாநிதியின் வசனத்தில் வந்த 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் வேடம். அதில் தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்பது போல ஒரு வரி வந்ததாம். முருக பக்தையான தான் அதைப் பாட முடியாது என்று சொல்லிவிட்டார். பாட்டு எழுதியவர் பகுத்தறிவாளர், பாடுபவர் பக்தை. கடைசியில் மாறியது வரிதான்!

'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970ல் பத்மஸ்ரீ வந்தது. 1973ல் 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இன்னொரு கிழவி வேடம். அழகு வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுரு வாங்கிய அம்மையார் அவர். ஔவையைப் போலவே காரைக்கால் அம்மையாரும் இளமையைத் தானே இறக்கி வைத்தவர்தான். 1980ல் தன் 72வது வயதில் சுந்தராம்பாள் காலமானார்.

வெள்ளைப் புடவை என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் அறிவிக்கும் அடையாளம். சுந்தராம்பாள் அதை யாரும் கட்டிவிடும் வரை காத்திருக்கவில்லை, தானே எடுத்துக் கட்டினார். பிறகு அதே புடவையோடு மேடையேறி, தன் வாழ்க்கை முடியவில்லை என்று பாடிக் காட்டினார். இரண்டாம் தாரம் என்று அவரைக் குறைத்துப் பேசியவர்களின் பெயர்கள் எல்லாம் இன்று யாருக்கும் தெரியாது. கொடுமுடிக்காரியின் குரல் மட்டும் எட்டுக் கட்டையில் கணீரென்று கேட்டுக் கொண்டே இருக்கிறது.