கொட்டகலையில் ஒரு கொல்லுலை

ஹட்டனை விட்டுப் புறப்பட்ட புகைவண்டி சிங்கமலைச் சுரங்கத்தினுள் நுழைகின்றது. அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மிகுந்த அவ்விருளிலே பிள்ளைகள் கூவி மகிழ்கின்றனர். இருள் நீங்கியதும் இருபுறமும் தேயிலைச் சரிவுகள். அடுத்த நிலையம் கொட்டகலை. நாலாயிரம் அடியளவு உயரத்திலுள்ள இவ்வூரின் பக்கமாக வருவோர் பெரும்பாலும் டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைக் காணவே வருவர். நாம் சென்றதோ ஒரு கத்தியின் பொருட்டு.

வாசகர்கள் நகைத்தல் வேண்டா. ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே ஒரு கறிக்கத்தி செய்து பார்ப்போம் என்ற ஆசை சென்ற ஆண்டில் எம்மைப் பற்றிக்கொண்டது. தேய்ந்துபோன அரம் ஒன்றை எடுத்து, இரண்டு மாத காலம் விறாந்தையில் அமர்ந்து தேய்த்து உருவாக்கினோம். கரி நெருப்பிலே சிவக்கக் காய்ச்சிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியபோது ‘டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. எடுத்துப் பார்த்தால், அலகின் குறுக்கே மயிரிழை போன்ற வெடிப்பு! “கடையில் வாங்கியிருந்தால் இரண்டு மாதமாகக் கறி நறுக்கியிருக்கலாமே” என்றார் எமது இல்லாள். மறுமொழி கூற எம்மிடம் ஒன்றுமில்லை.

இச்சேதியை அறிந்த நண்பர் ஒருவர், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே பணியாற்றுபவர், “இங்கே கவ்வாத்துக் கத்திக்குப் பதம் வைக்கும் கொல்லர் ஒருவர் இருக்கிறார், வாருங்கள்” என எழுதினார். விடுமுறை வந்ததும் புறப்பட்டுவிட்டோம்.

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்தல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளின் மேற்பாகத்தை நீக்கிவிடுவர். அப்போதுதான் புதுக்கிளை துளிர்த்துக் கொழுந்து செழிக்கும். வளைந்த நீண்ட கத்தியினால் ஒரே வீச்சில், சாய்வாக, வழவழப்பாக வெட்டுதல் வேண்டும். கூர் மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும். பிளவிலே மழைநீர் தங்கி மரம் அழுகும். ஆகவே மலைநாட்டில் கத்தியின் பதம் ஒரு செடியின் ஆயுளாகும்.

கொல்லரின் பட்டறை தகரக் கூரையிட்ட சிறு கொட்டில். எமது வெடித்த கத்தியை நீட்டினோம். அவர் அதனை விரலால் சுண்டி ஓசை கேட்டார்.

“அரத்து இரும்புங்களா ஐயா? இது ரொம்பக் கோபக்காரன். பச்சைத் தண்ணியில போட்டா வெடிக்காம என்ன செய்யும்? எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கி அதுல விட்டுருக்கணும்.”

அன்று பகல் முழுவதும் அவரிடம் மாணவராயினோம். புதியவர்க்கு ஏற்றது லொறிச் சக்கரத்தின் மேல் அடுக்கியிருக்கும் வில்லுப் பட்டையின் உருக்கு. முதலில் அதனைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுள் புதைத்து, மெல்ல ஆறவிட்டால் அரத்திற்கு இணங்கும். அட்டையில் உருவம் வரைந்து, அதன்படி அறுத்துத் தேய்த்தல் வேண்டும். விளிம்பை முற்றும் கூராக்காது ஒரு மில்லிமீற்றர் தடிப்பு விடவேண்டும். மெல்லிய விளிம்பு தீயிலே கோணிவிடும். பின்னர் மீண்டும் காய்ச்சுதல். காந்தம் ஒட்டாத நிலை ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் வரும். அதற்குச் சற்று மேலே சூடேற்றி, இளஞ்சூடான எண்ணெயில் நுனி முதலாக நேரே இறக்குவதே தோய்ச்சல்.

தோய்ச்சல் பெற்ற உருக்குக் கண்ணாடிபோல் கடினமாயிருக்கும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும். அதனால் 200 பாகை அளவில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை சூடாக்கிப் பதம் தணிக்க வேண்டும். ரொட்டி சுடும் அடுப்பே இதற்குப் போதும். அலகு வைக்கோல் நிறம் பெற்றால் பதம் சரி. அதன்பின் மரப்பிடியும் பித்தளை ஆணியும் பொருத்திச் சாணைக்கல்லில் தீட்டலாம்.

மாணவ அன்பர்கள் பெரியோர் துணையின்றி உலையை அணுகலாகாது. கண்ணுக்குக் காப்பும் எண்ணெய்ப் பாத்திரத்திற்கு இரும்பு மூடியும் இன்றியமையாதன. நாகம் பூசிய தகடுகளைத் தீயிலிடவே கூடாது; அப்புகை நஞ்சு.

மாலையில் முதியவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். நாற்பது ஆண்டு கவ்வாத்து வெட்டியவர். அவர் கையிலிருந்த கத்தி தீட்டித் தீட்டிப் பாதி அகலமே எஞ்சியிருந்தது. அதனைக் கறிக்கத்தியாக மாற்றித் தரும்படி கேட்டார்.

“பேரனுக்கு வைத்திருக்கலாகாதா, பெரியவரே?” என்றோம்.

“என் பேரன் இதைத் தூக்கக்கூடாதுன்னுதானுங்க ஐயா நான் இத்தனை வருஷம் தூக்கினேன். அவன் படிக்கிறான். ஆனா தூக்கிப்போட மனசு வரலை. வீட்டுல காய் நறுக்கட்டும்.”

நாம் வாயடைத்து நின்றோம். எமக்குப் பொழுதுபோக்காயிருப்பது அவருக்கு மழையிலும் பனியிலும் உழைத்த வாழ்நாளாயிருந்தது. ஆயினும் அவர் எமது வெடித்த கத்தியை வாங்கிப் பார்த்து, “வடிவு நல்லா இருக்குங்க, திரும்பச் செய்யுங்க” என்றார்.

இம்மலைகளுக்கும் உருக்குக்கும் உள்ள உறவு தேயிலையினும் பழையது. மத்திய மலைகளின் தென்சரிவிலே, பலாங்கொடைக்கு அப்பால், சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்ட பழைய உலைகளை ஜில் ஜூலெப் என்னும் ஆய்வாளர் அகழ்ந்து கண்டார். அவை ஏறக்குறைய கி.பி. 7 முதல் 11 வரையான நூற்றாண்டுகளுக்குரியவை. அதுபோன்ற உலையொன்றை அமைத்துக் காற்றினாலேயே உயர்ந்த உருக்கு விளைவதையும் மெய்ப்பித்து, 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். வாள்களைப் பற்றி எழுதிய 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தியும் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டுள்ளார். இலங்கையில் தேயிலை வாணிபப் பயிராகத் தொடங்கியதோ 1867இல்தான்.

புறப்படும்போது கொல்லர் எமக்கு ஒரு துண்டு வில்லுப் பட்டை தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். முதியவர் தமது கத்தியிலிருந்து வெட்டி நீக்கிய வளைந்த நுனியை மட்டும் துணியிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி மூன்று மாதமாகின்றது. இம்முறை எண்ணெயில் இறக்கியபோது ஓசை எழவில்லை. பிடி சற்றுக் கோணல்தான். எனினும் நேற்றுப் பகல் எமது இல்லாள் அக்கத்தியாலேயே வெண்டிக்காய் நறுக்கினார்; கடைக் கத்தியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.