முற்றத்துத் தோட்டமும் ஒரு கூட்டமும்

சின்ன வெங்காயம் ஏக்கர் கணக்கில் விளையும் செட்டிகுளத்தில் தோட்டக் கழகம் எதற்கு என்று உறவினர் எங்களை நகைத்தனர். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் வயல் வேறு, முற்றம் வேறு அன்றோ? வயலில் விளைந்ததைப் பட்டறையிலிட்டு, விலை ஏறுமா என்று காத்திருக்கிறோம். அடுத்தவரிடம் வாங்கும் விதை வெங்காயத்திற்கும் விலை உண்டு.

மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறு கழகத்தில் விலை என்ற சொல்லே எழுவதில்லை. சென்னையில் இராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பெரிது. எங்களுக்கோ நிலமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வேப்பமரத்து நிழலும் சில பாய்களுமே உள்ளன. கத்தரியின் நுனித்தண்டு வாடினால் உள்ளே புழு இருக்கும், உடனே கிள்ளி அழித்துவிட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். எந்த நூலும் அதை அவ்வளவு தெளிவாக எங்களுக்குச் சொன்னதில்லை.

சொல்லித் தந்தவர் ஒரு மூதாட்டியார். பிள்ளைகள் அனைவரும் வெளியூரில். தம் மாமியார் காலத்து அவரை விதையைச் சாம்பலில் புரட்டி, கலயத்தில் காத்து வந்தார். ஒருநாள் அதை எங்களுக்குப் பங்கிட்டு, “காய்த்தால் எனக்கும் ஒரு பிடி கொடுங்கள்” என்றார்.

சென்ற ஆண்டு அவர் மறைந்தார். அவ்வீடு பூட்டிக் கிடக்கிறது. கொல்லையில் புல் மண்டிவிட்டது. ஆடியில் நாங்கள் ஊன்றிய அவரை தையில் வேலி நிறையக் காய்த்தது. ஐந்து வீடுகளில் இப்போது அந்தக் கொடி உண்டு. விதைக்கென விட்ட நெற்றுகளைத் தனியே காயவைத்திருக்கிறோம்.