ஆயுத வியாபாரியும் எங்கள் தையல் கடையும்



உளவுக் கதை என்றாலே அது ஆண்களுக்குரிய சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். துப்பாக்கி, துரத்தல், வெளிநாட்டு ஹோட்டல், குடியும் கும்மாளமும். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பகலில் உலையேற்றி, இரவில் கணக்குப் பார்க்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் அப்படி ஒதுக்க முடியாத ஒரு கதையும் உண்டு. அந்தக் கதையைப் பற்றியும், அதைப் பார்த்துவிட்டு எங்கள் புதுக்குடியிருப்புப் பெண்கள் சொன்ன அபிப்பிராயங்களைப் பற்றியும் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜோன் லெ காரே என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எழுத்தாளர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். 2020 டிசம்பரில் காலமானார். அவர் 1993இல் எழுதிய நாவல்தான் 'தி நைட் மனேஜர்'. ஹோட்டலில் இரவு நேர மனேஜராக வேலை செய்யும் ஒருவன், ஒரு பெரிய ஆயுத வியாபாரியின் வீட்டுக்குள் உளவாளியாக நுழைகிறான். ஏன் நுழைகிறான்? அந்த வியாபாரியின் இரகசியத்தை வெளியே கொண்டு வந்த ஒரு பெண் கொல்லப்பட்டுவிட்டாள். அதுதான் அவன் மனதைக் குடைகிறது.

இந்த நாவலை பிபிசி 2016இல் 6 பாகங்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. பிறகு 2023இல் இந்தியாவில் ஹிந்தியில் எடுத்தார்கள். பெப்ரவரியில் 4 பாகங்களும் ஜூனில் 3 பாகங்களும் வெளிவந்தன. ஆயுத வியாபாரி ஷெல்லியாக அனில் கபூரும், உளவாளி ஷானாக ஆதித்யா ராய் கபூரும், உளவுத்துறைப் பெண் அதிகாரி லிப்பிகாவாகத் திலோத்தமா ஷோமும் நடித்தார்கள். நாவலில் வியாபாரியின் மாளிகை பஹாமாஸ் தீவில் இருக்கிறது. பிபிசி அதை ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு மாற்றியது. ஹிந்திக்காரர்கள் அதை எங்கே கொண்டு வந்தார்கள் தெரியுமா? நமது இலங்கைக்கு!

என் தையல் கடையில் பின்னேரங்களில் நாலைந்து பெண்கள் கூடுவோம். கை தைக்கும், வாய் கதைக்கும். கொழும்பிலிருந்து வந்திருந்த என் மருமகள் தன் மடிக்கணினியில் இத்தொடரைத் தமிழ்க் குரலில் காட்டினாள். நாளுக்கு ஒரு பாகம் என்று ஒரு கிழமைக்குள் பார்த்து முடித்தோம்.

படித்த ரசிகர்கள் இந்தத் தொடரைப் பற்றி என்னென்னவெல்லாமோ பேசினார்கள். பிபிசியில் நடித்த ஹியூ லோரி சிறந்தவரா, அனில் கபூர் சிறந்தவரா? ஆங்கிலக் கதையை ஹிந்தியில் மறுபடி எடுக்க வேண்டிய தேவை என்ன? முடிவு நாவலைப் போல இருக்கிறதா? எங்கள் கடையில் இப்படி யாரும் கேட்கவில்லை. அங்கே வேறு கேள்விகள் எழும்பின.

கடலைப் பார்த்த மாளிகை, நீச்சல் தடாகம், விருந்து என்று ஷெல்லியின் வாழ்க்கை திரையில் விரிந்தபோது, பொத்தான் தைத்துக் கொண்டிருந்த ஓர் அக்கா கையை நிறுத்திவிட்டார். "இது எங்கட நாடு எண்டே சொல்லுறாங்கள்? சாமான் விக்கிறவன் இருக்கிற கடற்கரை வேற, சாமான் வந்து விழுற கடற்கரை வேற தங்கச்சி" என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்பது உலகம் அறிந்தது. அந்த பெப்ரவரி மாதத்து முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீதே பலமுறை செல்கள் விழுந்தன. நோயாளர்களை அங்கிருந்து அகற்ற வேண்டி வந்தது. அந்த அக்கா அப்போது கைக்குழந்தையோடு பங்கருக்குள் இருந்தவர். அவருக்கு ஆயுதம் என்பது பெட்டிக்குள் அடுக்கி விலை பேசுகிற பொருளல்ல. அது ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும் திசையை இன்றைக்கும் அவர் காது தேடுகிறது.

இன்னொரு தங்கச்சி கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவள். அந்த வேலையில் வன்னிப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். முகத்துக்குக் கவசம் மாட்டி, வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிற வேலை. 2002இல் தொடங்கிய பணி, இத்தனை ஆண்டுகள் கடந்தும் இழுபட்டுக் கொண்டே வந்திருக்கிறது. கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. விவசாயக் கருவி வியாபாரம் என்ற போர்வையில் ஆயுதம் கைமாறுகிற கதையைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "விவசாயச் சாமானாம்! அந்தச் சாமான் விதைச்சதை நாங்கள் இன்னும் அறுவடை செய்யிறம். பெட்டி போனதோட வித்தவன்ர கணக்கு முடிஞ்சுது. எங்கட கணக்கு முடியேல்லை" என்றாள். எந்த விமர்சகர் இதைவிடச் சுருக்கமாக எழுதிவிடப் போகிறார்?

எல்லோரும் இப்படித்தான் பார்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையும் எங்களோடு இருந்தாள். "எல்லாத்தையும் கவலையோட பாக்க ஏலுமே அன்ரி? கதை விறுவிறுப்பாய் இருக்கு. லிப்பிகா மேடத்தைப் பாருங்கோ, வயித்துல பிள்ளையோட எவ்வளவு துணிச்சலாய் நிக்கிறா!" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். நாவலில் அந்த அதிகாரி ஓர் ஆண். பிபிசி அதைக் கர்ப்பிணிப் பெண்ணாக மாற்றியது. ஹிந்தியும் அதையே பின்பற்றியது. மேலதிகாரிகள் காலை வாரிவிட்டும், பெரிய வயிற்றோடு தன் கடமையை விடாமல் செய்கிற பெண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை உற்சாகப்பட்டால் அது நல்லதுதானே?

எங்கள் மாமியின் அபிப்பிராயம் வேறு. ஹிந்தித் தொடர் 2017இல் டாக்கா நகரில் தொடங்குகிறது. மியன்மாரிலிருந்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த காலம் அது. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குப் பின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்களாதேஷுக்குள் வந்தார்கள். "எங்கட ஆக்களைப் படத்தில காட்டினா ஒண்டில் கெட்டவன், இல்லாட்டி பாவம். அதுக்கு நடுவில ஒரு மனிசரும் இல்லையோ?" என்று மாமி கேட்டார். ரோஹிங்கியாக்களின் துயரம் அந்தத் தொடரில் கதாநாயகனுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகத்தான் இருக்கிறது. மாமியின் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் சகோதரிகளே, நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது சஃபீனாவைப் பற்றி.

சஃபீனா 14 வயதுச் சிறுமி. பணக்காரன் ஒருவனுக்கு மனைவியாக்கப்பட்டவள். ஆயுத வியாபாரத்துக்கான ஆதாரம் அவள் கைக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு போய் ஹோட்டல் மனேஜரிடம் கொடுத்து, என்னைக் காப்பாற்றுங்கள் என்கிறாள். நாவலில் இதே இடத்தில் சோஃபி என்ற பெண் இருக்கிறாள். எந்த வடிவத்தில் பார்த்தாலும் நடப்பது ஒன்றுதான். அவள் உயிரைப் பணயம் வைத்துக் கொடுத்த செய்தி, பாதுகாக்க வேண்டியவர்கள் வழியாகவே கசிகிறது. அவள் கொல்லப்படுகிறாள். அதன் பிறகு கதை முழுவதும் ஆண்களின் துணிச்சலைப் பற்றியது. முதலில் துணிந்தவள் யார் என்பதை இடைக்கிடை நினைவூட்டுவதோடு சரி.

சிறுமியை மணமுடித்துக் கொடுப்பது வெறும் சினிமாக் கதை அல்ல. நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்கு 18 வயதை எல்லையாக வைக்கவில்லை. அது திருத்தப்பட வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முன் நின்றவர்கள் முஸ்லிம் பெண்களே. ஆகவே சஃபீனாவைப் பார்த்து, "நம்மவரை இழிவுபடுத்துகிறார்கள்" என்று கோபப்படுவதோடு நாம் எழும்பிப் போய்விடக்கூடாது. அந்தப் பிள்ளைக்காக நம் வீட்டில் யார் பேசுவார் என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், கதவைத் தட்டி உதவி கேட்கும் நிலை எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுமி. முல்லைத்தீவிலிருந்து உடுத்த துணியோடு போனோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்தான் இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். அகதிக்கு முதலில் தேவைப்படுவது வீரன் அல்ல, கதவைத் திறக்கிற ஓர் ஆள்.

கதவைத் திறக்கிற ஆட்களை எங்கள் மண்ணிலேயே கண்டேன். 2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு வந்து நின்றது. எங்கள் ஊரிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில் இருக்கிறது அந்த இடம். படகில் 100க்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள், அவர்களில் சிறு குழந்தைகள் பலர். எங்கள் மீனவர்கள் கண்டு தகவல் சொன்னார்கள். ஊர்ச்சனம் உணவு கொடுத்தது. பிறகு அவர்கள் திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் மக்கள் வீதியில் நின்றார்கள். 2009இல் தாங்களே எல்லாவற்றையும் இழந்து நின்ற கரை அது. வந்தவர்களின் மொழியும் மார்க்கமும் வேறு. அதைப் பார்க்காமல் முதலில் பசியைப் பார்த்தார்கள்.

சில மாதங்களின் பின் இத்தொடரைப் பார்த்தபோது அந்த அக்கா சொன்னார்: "டாக்காவில அந்தப் பிள்ளைக்கு உதவ ஆள் இல்லை. எங்கட கரைக்கு வந்திருந்தா ஒரு வாய் சோறாவது குடுத்திருப்பம்." நான் கேட்ட அபிப்பிராயங்களில் என் நெஞ்சில் தங்கியது இதுதான்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் வியாபாரி வீழ்கிறான். பார்ப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. நாவலில் அப்படி இல்லை. உளவாளியின் உயிரை மீட்பதற்காக அவனைத் தப்பிப் போக விடுகிறார்கள். அவன் வியாபாரம் தொடர்கிறது. இதைச் சொன்னபோது கண்ணிவெடித் தங்கச்சி, "புத்தகம்தான் உண்மை" என்றாள். மாணவிப் பிள்ளையோ, "ஒருக்கா எண்டாலும் அவன் தோக்கிறதைப் பாக்க வேணும்" என்றாள். இரண்டும் எனக்கு விளங்குகிறது. ஆயுத விற்பனையைக் கட்டுப்படுத்த 2013இல் ஐ.நா. சபை ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2014 டிசம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. அதன் பின்னும் ஊர்கள் எரியத்தான் செய்கின்றன. திரையில் ஒருவன் விழுந்தால் நாம் கைதட்டிவிட்டு உறங்கப் போய்விடலாம். புத்தகத்தின் முடிவு அப்படி உறங்க விடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இப்படியான தொடர்களை எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். தடுப்பதைவிடப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கதையில் முதலில் துணிந்தவர் யார்? அந்தச் சாமான் கடைசியில் போய் விழுந்த ஊரை ஏன் காட்டவில்லை? அந்த ஊரில் அப்போது அடுப்பில் என்ன வெந்து கொண்டிருந்திருக்கும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல எந்த உளவாளியாலும் முடியாது. அது நமக்குத்தான் தெரியும்.