அறையைத் தேர்ந்தெடுப்பது யார்?

பல்கலைக்கழக விடுதியில் அறை பிடிப்பது இப்போதெல்லாம் பஸ் டிக்கெட் போடுவது மாதிரி ஆகிவிட்டது. என் காலத்தில் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இப்போது எல்லாம் இணையத்தில். சில இடங்களில் யாரோடு தங்க விரும்புகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். என்னைவிட எட்டு வயது சின்னவளான தங்கச்சி இதை முன்னேற்றம் என்கிறாள். "தெரியாத ஆளோட எதுக்குக்கா ஒரு வருஷம் ஒரே ரூம்ல இருக்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று நாம் சொல்வது யாருடைய உரிமை? பேராக்கில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

எங்கள் குடும்பத்தில் முதலில் 'அறை ஒதுக்கப்பட்டவர்' பாட்டி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "கிராணி நம்பர் சொல்வாரு. சட்டி பானையத் தூக்கிட்டுப் போய் நிக்க வேண்டியதுதான்" என்பார். லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமுகிறார், யார் குடித்துவிட்டு வருகிறார் என்பதெல்லாம் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் கூரையும் போகும். 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது ஏராளமான குடும்பங்களுக்கு அதுதான் நடந்தது. சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்க முனைந்தது இதனால்தான். பாட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாத்தா வேலையை விட்டு நின்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு ஈப்போவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

எனவே அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்து, கையில் ஒரு அறை எண்ணோடு நான் போய் இறங்கியபோது, பாட்டி சொன்ன அதே கதை என்றுதான் நினைத்தேன். இரண்டு கட்டில், இரண்டு மேசை, இரண்டு அலமாரி, ஒரே ஒரு காற்றாடி. எதிர்க் கட்டிலில் கிளந்தான், பாசிர் மாஸிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண். அவள் பேசிய மலாய் எனக்குப் பாதி புரியவில்லை. காற்றாடியை அவள் ஐந்தில் வைப்பாள், நான் இரண்டில் வைப்பேன். விடியற்காலைத் தொழுகைக்கு அவளுடைய அலாரம் அடிக்கும்போது நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். அவள் கொண்டுவந்த புடு பாட்டிலைத் திறந்தால் எனக்கு ஆகாது. என் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் அவள் ஜன்னலைத் திறப்பாள். மூன்று வாரம் 'குட் மார்னிங்' தவிர வேறு பேச்சே இல்லை.

பெரிய நட்புக் காவியம் எதுவும் நடக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி அவள் காற்றாடியை நிறுத்திவிட்டு, புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டே படித்தாள். அவ்வளவுதான். ஆனால் என்னை யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத முதல் அறை அது. அவளாலும் சொல்ல முடியாது, என்னாலும் அவளைச் சொல்ல முடியாது. கிராணி கொடுத்த நம்பர் ஒரு சலுகை, உழைப்பு நின்றால் பறிபோவது. இந்த நம்பரோ மாணவி என்பதற்காகவே கிடைத்தது. இரண்டும் ஒதுக்கீடுதான். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அந்த வித்தியாசம் இரண்டாம் ஆண்டே சுருங்கிவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதலாண்டுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதற்குப் பிறகு பல இடங்களில் 'மெரிட்' பார்ப்பார்கள். விளையாட்டு, விழா ஏற்பாட்டுக் குழு, விடுதி நடவடிக்கை எல்லாவற்றுக்கும் புள்ளி. வார இறுதியில் கடையில் வேலை பார்த்து வீட்டுக்கு ஐம்பது வெள்ளி அனுப்பும் பிள்ளைக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? புள்ளி குறைந்தால் வெளியே வீடு பார்க்க வேண்டும். மறுபடியும் கூரை உழைப்போடு ஒட்டிக்கொள்கிறது, இந்த முறை சம்பளம்கூட இல்லாமல்.

வெளியே வீடு பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைக் கம்பாரில் பார்த்தேன். 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே திறந்த பிறகு, பழைய ஈயக் குட்டைகளின் ஊர் மாணவர் ஊராகிவிட்டது. சுற்றியுள்ள வரிசை வீடுகளில் அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். தங்கச்சிக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. பேஸ்புக் விளம்பரங்களை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அறை அளவு, ஏர்கோன், வைஃபை, அதற்குக் கீழே 'சீனப் பெண்கள் மட்டும்'. அப்படிப் போடாத ஒருவருக்குப் போன் செய்தோம். பெயரைக் கேட்டார். சொன்னோம். "அறை போயிடுச்சு." மறுநாளும் அதே விளம்பரம் அங்கேயே இருந்தது. கோபம் வந்தது. ஆனால் நம் ஆட்கள் மட்டும் உத்தமர்களா? ஈப்போவில் வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் 'நம்ம ஆளுங்க மட்டும்' என்று சொல்லி, அதற்குப் பிறகு எந்த ஆளுங்க என்று மெதுவாக விசாரிப்பதையும் கேட்டிருக்கிறேன்.

கம்பாரைச் சுற்றிப் புதுக்கிராமங்கள் நிறைய. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், நாடு முழுவதும் சுமார் 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, லாரியில் ஏற்றி, முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். அவர்களையும் யாரும் எங்கே இருக்கப் பிரியம் என்று கேட்கவில்லை. லயத்துப் பேரப்பிள்ளையும் புதுக்கிராமத்துப் பேரப்பிள்ளையும் ஒரே ஊரில் படிக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்க முடிவதில்லை. மலேசிய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு பேசும் சமத்துவம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2018இல், முதலாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. சேரும் முன்பே சமூக ஊடகத்தில் தேடித் தங்களைப் போலவே இருப்பவர்களோடு ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள் என்பது காரணம். எல்லாருக்கும் தேர்வு கொடுத்தால் எல்லாரும் கண்ணாடியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் போல.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயத்தோடு ஒருத்தி ஓர் அறையில் கிடக்க வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும். ஆனால் முதல் வருடமாவது குலுக்கிப் போடட்டும். அதற்குப் பிறகு அறை கொடுக்கப் புள்ளியோடு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் பார்க்கட்டும். யாரும் மறுக்காத ஆளுக்குத்தான் தேர்வு சுதந்திரம். மறுக்கப்படுகிற ஆளுக்குத் தேர்வு என்பது இன்னொருவர் கையில் இருக்கும் சாவி.

தங்கச்சிக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. நான்கு பேர், நான்கு பேரும் தமிழ்ப் பிள்ளைகள். சாம்பார் வைக்கிறார்கள், சேர்ந்து படம் பார்க்கிறார்கள், காற்றாடிக்குச் சண்டை இல்லை. "சொந்த வீடு மாதிரியே இருக்குக்கா" என்றாள் போனில். சந்தோஷமாகத்தான் சொன்னாள். மூன்று வருடம் கம்பாரில் இருந்துவிட்டு அவள் சொந்த வீட்டிலிருந்தே திரும்பி வருவாள்.