வேனிற்காலத்து வயல்கள்

தஞ்சையிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர் வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்லும் திருப்பயணிகள், சித்திரை, வைகாசி மாதங்களில் சாலையின் இருமருங்கிலும் காண்பது பெரும்பாலும் தரிசு நிலமே. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகிவிடுகின்றன. நெல் அறுக்குமுன்னரே வயலின் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வீடு சேர்கின்றன. எஞ்சுவன நெற்றாளும், பயற்றுச் செடியின் வேரும் சருகும், இடையே முளைத்த புல்லுமே. வயல் உறங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையிலோ, அடுத்த போகத்தின் உணவு அங்கேதான் ஆயத்தமாகிறது.

இவ்வேளையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வருகின்றனர். பகலெல்லாம் தாளையும் புல்லையும் மேய்ந்த ஆடுகள், இரவில் கூலி பேசிய வயலில் கிடை அடைக்கப்படுகின்றன. ஆட்டெரு அவ்வாண்டிற்கு, மாட்டெரு மறு ஆண்டிற்கு என்பது உழவர் வழக்கு. புழுக்கை விரைவில் மக்கிப் பயிருக்குப் பயன்படும் என்பதே அதன் பொருள். ஆயின், ஆட்டு நீரிலுள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிவிடும். ஆகவே கிடை பெயர்ந்தவுடன் உழுதுவிடுவதே நலம்.

மக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெற்றாளில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், உடனே நட்ட இளநாற்று சில வாரம் மஞ்சளித்து நிற்கும். தக்கைப்பூண்டு இதற்கு நேர்மாறானது. ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளித்து, 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், இளந்தண்டும் இலையும் ஓரிரு வாரத்தில் அழுகி, ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ தழைச்சத்தை மண்ணுக்கு ஈயும். இது ஒரு மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவுக்கு ஈடாகும்.

எனவே, ஜூன் இறுதியில் குறுவை நட விரும்புவோர் ஏப்ரல் இறுதியிலேயே தக்கைப்பூண்டு விதைக்க வேண்டும். ஜூன் நடுவில் சேற்றில் மடக்க வேண்டும். 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாள் ஜூன் 12. இக்கணக்கு அந்நாளோடு பிணைந்தது. ஆனால் 2022-இல் மே 24-ஆம் நாளே தண்ணீர் வந்தது. 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் தாமதித்தால் பூண்டு முற்றி நாராகிவிடும், மக்குவதற்கு நாளாகும். கோடைமழை ஈரத்தில் முன்னரே மடக்கிவிட்டால், விடுபட்ட தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, பின்னர் வயலில் நீர் தேங்கும்போது வீணாகும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் ஒருவாறு சமாளித்துக்கொள்வர். ஆற்றுநீரையே நம்பிய சிற்றுழவர் இருவகையிலும் இழப்பர்.

அணை திறக்கும் நாள் பயிரின் தாகத்தை மட்டும் பற்றியதன்று. மண் தன் உணவைச் செரிக்கும் காலத்தையும் அதுவே வரையறுக்கிறது. அந்நாளை முன்கூட்டியே உறுதியாக அறிவித்தால், ஏழை உழவன் ஒரு மூட்டை உரத்தின் விலையை மிச்சப்படுத்துவான். அவனுடைய மண்ணும் வளம் குன்றாமல் இருக்கும்.