மக்காவுக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு: அம்மாவுடன் ஓர் உம்ரா



உம்ரா சென்று வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் துஆக்கள் நிறைந்திருக்கும். தவாஃபின்போது என்ன ஓதுவது, ஸஃபாவின் மீது ஏறி நின்று எதைக் கேட்பது என்பதெல்லாம் விரிவாகவே கிடைக்கும். கழற்றிய செருப்பை என்ன செய்வது, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பவற்றை எவரும் எழுதுவதில்லை. அத்தகைய சில விஷயங்களை அறியாமல் போய் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். முதன்முறையாகச் செல்பவர்களுக்கும், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கும் பயன்படக்கூடும், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம். தறி ஊர். அம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றியவர். அதன் விளைவு இரண்டு முழங்கால்களிலும் தெரியும். மேட்டூர் அணை, சேலம் பெரிய ஆஸ்பத்திரி, உறவினர் திருமணத்திற்காக ஒருமுறை சென்னை. அவர் கண்ட உலகம் அவ்வளவுதான். அத்தா இருந்தபோது இருவருமாக ஹஜ்ஜுக்கு இருமுறை விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் பெயர் வரவில்லை. மூன்றாம் முறை விண்ணப்பிக்க அத்தா இல்லை. அதன்பின் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2023 டிசம்பரில் உம்ராவுக்கு அழைத்துச் செல்கிறேன் என்று நான் சொன்னபோது, "எங்காலு தாங்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே நான் முதலில் செய்தது காலைத் தயார்ப்படுத்தியதுதான். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையிலான ஏழு நடைகள் மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வரும். அதற்கு முன்பு தவாஃப், அதற்கும் முன்பு தங்குமிடத்திலிருந்து ஹரம் வரை நடை. இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே ஃபஜ்ருக்குப் பின் தாரமங்கலம் சாலையில் அம்மாவை நடக்க வைத்தேன். முதல் நாள் பேருந்து நிறுத்தம் வரை நடந்து திரும்பினார். புறப்படுவதற்கு முந்தைய வாரம் இடையில் ஒருமுறை அமர்ந்து, மூன்று கிலோமீட்டரை முடித்தார். பயணத்திற்கென்று புதுச் செருப்பு வாங்கினால் அதையும் இந்த நடையிலேயே பழக்கிவிடுங்கள். மக்காவில் போய்ப் பழக்கினால் கடித்த இடம் புண்ணாகும்.

இன்னொன்றை நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஹரமில் மேல் தளங்களுக்கு ஏறிச் செல்வதற்கு நகரும் படிக்கட்டுகள் உண்டு. அம்மா அதில் கால் வைத்ததே இல்லை. சேலத்தில் ஒரு பெரிய துணிக்கடைக்கு அழைத்துச் சென்று, ஒன்றும் வாங்காமல், ஐந்து முறை ஏற்றி இறக்கினேன். காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை அம்மா என் கையை விட்டுவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டு, சான்றிதழைக் கடவுச்சீட்டுடன் வையுங்கள். அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சவூதியின் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. சர்க்கரை மாத்திரை உண்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிடாதீர்கள். விமானம் ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். நிய்யத்தை அதற்கு முன் வைத்தாக வேண்டும். சேலத்தில் இரவு ஏற்காடு விரைவு வண்டியில் ஏறினால் விடியுமுன் சென்னை. அங்கே உறவினர் வீட்டில் குளித்து, நான் இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டேன். பெண்களுக்குத் தனி உடை இல்லை. முகத்திரையும் கையுறையும் மட்டும் இஹ்ராமில் அணியக் கூடாது. அம்மா தம் வழக்கமான உடைக்கு மேல் ஒரு வெள்ளைத் துப்பட்டா போர்த்திக்கொண்டார். விமானத்தில் அறிவிப்பு வந்தபோது நிய்யத்து வைத்துத் தல்பியா சொன்னோம்.

மக்காவை அடைந்தபோது இரவு இரண்டு மணி. தங்குமிடம் மிஸ்ஃபலா பகுதியில், இப்ராஹீம் கலீல் சாலையை ஒட்டி. பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு உடனே ஹரமுக்குப் புறப்பட்டோம். சிம் அட்டையைக் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விமான நிலையத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். இதை அடிக்கோடிட்டு எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

கஅபாவை முதன்முதலில் கண்ட அந்தக் கணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அம்மாவுக்கும் ரப்புக்கும் உரியது. அவர் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றார், நான் அவசரப்படுத்தவில்லை. அது டிசம்பர் இரவு, பளிங்குத் தரை குளிர்ந்திருந்தது. கோடையில் நண்பகல் வெயிலிலும் அந்த வெள்ளைப் பளிங்கு கால் பொசுக்காது என்பார்கள். மெல்லிய காலுறை அணிந்துகொள்வது முதிய பெண்களுக்கு நல்லது. செருப்புகளை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டோம். வாசலில் விட்டுச் சென்றால் அதே வாசலுக்கு நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஹஜருல் அஸ்வத் மூலைக்கு நேராக, மதாஃபின் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். தவாஃபின் ஒவ்வொரு சுற்றும் அங்கே தொடங்கி அங்கே முடியும். கஅபாவை ஒட்டி நடக்க ஆசைப்படாமல் வெளிவட்டத்தில் நடந்தோம். தூரம் கூடுதல்தான், ஆனால் இடிபாடு குறைவு. சுற்றுகளை எண்ணுவதற்கு அம்மா ஊரிலிருந்தே ஏழு முடிச்சுகள் போட்ட நூல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தறி நூல்தான். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு முடிச்சைத் தாண்டி விரல் நகரும். நான் ஐந்தா ஆறா என்று குழம்பியபோது அந்த நூல்தான் சொன்னது.

தவாஃப் முடித்து இரண்டு ரக்அத் தொழுது, ஸம்ஸம் அருந்தினோம். பாங்கு ஒலித்தது. ஃபஜ்ர் என்று எண்ணித் தொழுகைக்கு நின்றுவிட்டேன். அது தஹஜ்ஜுதுக்கான பாங்கு. அங்கே ஃபஜ்ருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு பாங்கு உண்டு என்பதை அருகிலிருந்தவர் சைகையால் உணர்த்தினார். அம்மாவின் கால் ஓயட்டும், ஃபஜ்ர் முடித்தே ஸஃயைத் தொடங்கலாம் என்று அமர்ந்திருந்தோம். பர்ளுத் தொழுகை நெருங்கியதும் பெண்களை அவர்களுக்கான பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அம்மா எழுந்தார். நான் அவரிடம், "தொழுதுட்டு பச்சை விளக்குக்கிட்ட வந்து நில்லுங்கம்மா, நான் வந்துடறேன்" என்றேன்.

தொழுகை முடிந்தது. ஜனாஸாத் தொழுகையும் முடிந்தது. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு பர்ளுக்குப் பின்னும் ஜனாஸாத் தொழுகை நடக்கும். முறை தெரியாதவர்கள் ஊரிலேயே கற்றுக்கொண்டு போவது நல்லது. நான் பச்சை விளக்கின் அருகே போய் நின்றேன்.

கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. மதாஃபில் நிற்கவும் விடமாட்டார்கள், நகர்ந்துகொண்டே இருக்கச் சொல்வார்கள். நகர்ந்து போய், மீண்டும் அதே இடத்திற்கு வந்தேன். அம்மாவிடம் இயங்கும் கைப்பேசி இல்லை. தங்குமிடத்தின் பெயர் எழுதிய அட்டை என் பையில்தான் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் படிக்க வராது. வெள்ளைத் துப்பட்டா போர்த்திய முதிய பெண்கள் ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒரு காவலரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முறையிட்டேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் பொறுமையாக இருக்கச் சொன்னார். துஆ ஏற்கப்படும் இடத்தில் நின்றுகொண்டு, அம்மா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் கேட்க முடியவில்லை.

நன்றாக விடிந்து ஒன்றரை மணி நேரம் கழிந்தபின், ஒருவேளை முன்னால் போயிருப்பாரோ என்று தோன்றி ஸஃபாவை நோக்கி விரைந்தேன். ஸஃபாவிலிருந்து மர்வா பக்கம் இறங்கி நடந்தால் சற்றுத் தூரத்தில் கூரையிலும் ஓரங்களிலும் பச்சை விளக்குகள் வரிசையாக எரியும். பச்சைக் குழந்தை இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி ஹாஜரா அம்மையார் ஓடிய பள்ளத்தாக்கின் பகுதி அது. ஆண்கள் அந்த இடைவெளியில் மெல்லோட்டமாக ஓடுவது சுன்னத். நான் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அம்மாவுக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன். அந்த விளக்குகளைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் அங்கே ஓடியது சுன்னத்துக்காக அல்ல.

ஓரச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி அம்மா அமர்ந்திருந்தார். கையில் முடிச்சு நூல். எதிரே ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"பச்சை விளக்குன்னு நீதானே சொன்ன தம்பி?"

தொழுகை முடிந்ததும் ஒரே நிறத்தில் உடுத்திய இந்தோனேசியப் பெண்கள் கூட்டம் ஒன்று எழுந்து சென்றிருக்கிறது. தவாஃபில் எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள். அவர்களுடன் வந்தால் வழி தவறாது என்று அம்மா பின்தொடர்ந்திருக்கிறார். பச்சை விளக்கைக் கண்டதும் நின்றுவிட்டார். அங்கிருந்து ஓர் அடி நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை, நான் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேனோ என்று. "உனக்கு என்ன ஆச்சோன்னுதான் பயந்தேன்" என்றார். ஸஃயை இருவரும் அதன் பின்னரே செய்தோம். ஐந்தாம் நடையில் கால் மறுத்தது. சக்கர நாற்காலிக்குத் தனிப்பாதை உண்டு. கூலிக்குத் தள்ளுவோரும் உண்டு. தொகையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். தவாஃபுக்கும் ஸஃயுக்கும் இடையே இவ்வளவு தாமதமாயிற்றே என்று ஊர் திரும்பியதும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அதனால் உம்ராவுக்குக் குறை இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று மாலை நானும் அம்மாவும் ஹரமைச் சுற்றி நடந்து சந்திப்பிடத்தை முடிவுசெய்தோம். இம்முறை அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மன்னர் அப்துல் அஜீஸ் வாசல், மன்னர் ஃபஹத் வாசல், மன்னர் அப்துல்லாஹ் வாசல் என்று நான் பெயர்களைச் சொன்னபோது, "எல்லாமே மன்னருதானா?" என்று கேட்டார். அவருக்கு எழுத்து வராதே தவிர எண் வரும். பேருந்து எண் பார்த்து ஏறிப் பழகியவர். ஒவ்வொரு வாசலிலும் எண் இருக்கிறது. எங்களுக்கு அணுக்கமான மன்னர் ஃபஹத் வாசலின் எண் 79. அதன் வெளியே, மணிக்கூண்டு தெரிகிற பக்கத்தில் ஒரு விளக்குத் தூணை அம்மா தேர்ந்தார். அதே தூண் மறுநாளும் அங்கேதான் இருக்கிறதா என்று போய்ச் சோதித்தும் பார்த்தார். சந்திப்பிடம் பள்ளிக்கு வெளியே இருப்பதே நல்லது. உள்ளே வழிகளைத் தடுப்புகள் வைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இன்று திறந்த வழி நாளை அடைத்திருக்கும். அறுநூறு மீட்டர் உயர மணிக்கூண்டு எங்கிருந்தும் தெரிகிறது என்பதால் அதையே அடையாளமாகச் சொல்பவர்கள் உண்டு. அதன் கீழே நிற்பவர்களைத் தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தங்குமிடத்தின் அட்டையையும், அரபியில் எழுதி வாங்கிய என் தொலைபேசி எண்ணையும் அம்மாவின் கழுத்துப்பையில் போட்டேன்.

இன்னும் சில. உம்ரா முடிந்து சாதாரண உடைக்கு மாறிய ஆண்களை அண்மை ஆண்டுகளில் கீழ்த்தள மதாஃபிற்குள் பெரும்பாலும் விடுவதில்லை. மேல் தளங்களில் ஒரு சுற்று பல மடங்கு நீளம். ஆகவே தாயோ மனைவியோ கீழே தவாஃப் செய்ய விரும்பினால் நீங்கள் உடன் செல்ல முடியாமல் போகலாம். அதற்கும் சேர்த்தே சந்திப்பிடம் தேவை. ஸம்ஸம் கலன்களில் குளிரூட்டப்படாதது என்று குறித்தவை தனியே இருக்கும். இருமல் உள்ளவர்களுக்கு அதையே பிடித்துக் கொடுங்கள். அங்கே தொண்டை கட்டாமல் திரும்பியவரை நான் காணவில்லை. பின்னர் மதீனா செல்வோர் ரவ்ளாவில் தொழ நுஸுக் செயலியில் முன்னரே நேரம் பதிந்துகொள்ள வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு.

எட்டு நாட்களில் அம்மா மூன்று முறை தனியே தொழுதுவிட்டு அந்தத் தூணுக்கு வந்தார். மூன்று முறையும் எனக்கு முன்பாகவே வந்து நின்றார்.

அடுத்த மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் உம்ரா புறப்படுகிறது. அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. அவர்களுக்காக நான் இரண்டு பக்கங்களில் குறிப்புகள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் இல்லை. காலையிலேயே என் அம்மா அவரைச் சேலத்துத் துணிக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாராம்.