அங்கோர்: மழைக்குக் கட்டிய ஊர்

கம்போடியாவுக்குப் போகிறவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போய்வருவதுதான் வழக்கம். அப்போது வானம் வெளுத்திருக்கும், வெயிலும் சுள்ளென்று அடிக்காது. நான் முதுகுப்பையோடு செப்டம்பரில் போய் இறங்கினேன். கொள்கை என்று ஒன்றுமில்லை; கையிலிருந்த காசு அவ்வளவுதான். மழைக்காலத்தில் விமானச் சீட்டு மலிவு. சியெம் ரீப் நகரின் விடுதிகள் பாதி காலியாகக் கிடக்கும். சைக்கிள் வாடகையைக்கூடப் பேசிக் குறைக்கலாம்.

குறையாத ஒன்று அங்கோர் நுழைவுச்சீட்டு. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது என்று தெரிந்ததும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போதும். மழையில் சுற்றுகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. விடாமல் கொட்டுகிற நாளில் ஊருக்குள் இருந்துகொண்டு, வெறித்த நாளில் கிளம்பலாம்.

மழையும் பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் வருகிறது. 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சௌ தாகுவான், இங்கே ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி என்றும், மழை மாதங்களில் பிற்பகலில்தான் பெய்யும் என்றும் எழுதிவைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கு அவ்வளவாகப் பிசகவில்லை. விடியுமுன் சைக்கிளை எடுத்தால் உச்சிப்பொழுது தாண்டும் வரை சுற்றலாம். பிறகு வானம் கருக்கும். சாலையோரத் தகரக் கொட்டகையில் ஒதுங்கி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும்.

அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்க்கும் ஆசையை மட்டும் இந்த மாதத்தில் விட்டுவிட வேண்டும். கிழக்கே சாம்பல் நிறம் மெல்ல வெளுப்பதோடு சரி. எனக்கு அதில் நஷ்டமில்லை. குளக்கரையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது.

ஒருநாள் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கீழைச் சுற்று மண்டபத்தில் பாற்கடல் கடையும் சிற்பத்துக்கு எதிரே மாட்டிக்கொண்டேன். ஏறத்தாழ 49 மீட்டர் நீளச் சுவர் அது. ஒருபக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் திருமால். வெயில் காலத்தில் வழிகாட்டிகளின் குடைக்கம்புகள் நம்மை அடுத்த சிற்பத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அன்று தள்ள ஆளில்லை. வாசுகியைப் பிடித்திருக்கும் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தேன். கீழே ஓடும் அலைவரிசையில் மீனும் முதலையும் கடைகிற வேகத்தில் சிதறுவதைக் குனிந்து பார்த்தேன். இதே மழைதான் இந்தச் சுவருக்குப் பகையாகவும் இருந்திருக்கிறது. கூரையிலிருந்து கசிந்த நீரால் சிற்பங்கள் பாழாகிவந்ததால், உலக நினைவுச்சின்ன நிதியம் கூரையைப் பிரித்துக் கட்டி 2012-ல் வேலையை முடித்தது.

ஆனால் இந்தக் கோயில் நிற்பதே தண்ணீரால்தான். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் இதைக் கட்டியபோது பாறையைத் தேடிப் போகவில்லை. மண்ணைத் தோண்டி, மணலை இட்டு இறுக்கி, அதன்மேல் செம்புரைக்கல்லையும் மணற்கல்லையும் ஏற்றினார்கள். ஈரம் இருக்கும்வரை அந்த மணல் இறுகிக் கிடக்கும், நீர்மட்டம் இறங்கினால் மணலும் இறங்கும். 190 மீட்டர் அகலத்தில், 5 கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட அகழி ஏன் என்று கேட்டால், மேருவைச் சூழ்ந்த கடலின் அடையாளம் என்பார்கள். அது சரிதான். கோயிலின் அடிமண்ணை ஈரமாக வைத்திருப்பதும் அதே அகழிதான். சியெம் ரீப் விடுதிகள் ஆழ்குழாய் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கியதும் வல்லுநர்கள் பதறியதற்குக் காரணம் இது. விடுதிக் குளியலறையில் வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும்போது எனக்கு இது உறுத்தவே செய்தது.

ஏரிப் பாசன ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு அங்கோர் சீக்கிரம் பிடிபடும். அங்கே பாராய் எனப்படுபவை தோண்டிய குளங்கள் அல்ல. தரைமேல் நான்கு பக்கமும் கரை எழுப்பித் தேக்கியவை. மேற்குப் பாராய் 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் அகலம். 11-ஆம் நூற்றாண்டு வேலை, இன்றும் தண்ணீர் நிற்கிறது. கரைமேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றால் மறுகரை மழைத்திரைக்குள் மறைந்துபோகிறது. கிழக்குப் பாராய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது தூர்ந்து வயலாகிவிட்டது. அதன் நடுவே தீவாக இருந்த கிழக்கு மேபோன் கோயிலில் படகு வந்து அணையும் படித்துறைகள் மட்டும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மழைக்காலத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் நீக் பெயனைச் சொல்வேன். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய ஏரியின் நடுவே அமைந்த சின்னக் கோயில். நெடுங்காலம் காய்ந்து கிடந்த அந்த ஏரியில் இப்போது மீண்டும் நீர் தேக்குகிறார்கள். பட்டுப்போன மரங்கள் நிற்கும் தண்ணீருக்கு மேலே மரப்பாலத்தில் நடந்து போக வேண்டும். நடுக்குளத்தைச் சுற்றி நான்கு சிறு குளங்கள். அவற்றுக்கு நீர் விழ யானை, மனிதன், குதிரை, சிங்கம் என்று நான்கு வாய்கள். நோய் தீர்க்கும் நீர் என்று நம்பி இங்கே வந்திருக்கிறார்கள். நாட்டில் 102 மருத்துவச்சாலைகள் இருந்தன என்று 1186-ஆம் ஆண்டின் தா ப்ரோம் கல்வெட்டில் பொறித்த அரசனுக்குப் பொருத்தமான கோயில்தான். கோடையில் இங்கே வருகிறவர்கள் காலிக் குளத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இவ்வளவு நீரை ஆண்ட ஊர் எப்படிச் சரிந்தது? வியட்நாம் மலைக்காட்டு மரங்களின் வளையங்களை வைத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பல பத்தாண்டு நீண்ட வறட்சிகளும், இடையிடையே கடும் மழையும் மாறி மாறித் தாக்கின என்கிறது. வறட்சியில் பயனற்றுப்போன கால்வாய்களை வெள்ளம் உடைத்தது, சேறு மூடியது. சயாமியப் படையெடுப்பு மட்டுமே காரணம் என்ற பழைய பாடத்தை இனியும் அப்படியே ஒப்பிக்க முடியாது.

பந்தியாய் ஸ்ரேய் தொலைவு. ரெமோர்க் எனும் இழுவண்டியில்தான் போனேன். பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிக் கட்டியும் சாரல் விடவில்லை. 967-ல் எழுந்த இந்தச் சிறு கோயிலின் செந்நிறக் கல் நனைந்தால் இன்னும் ஆழ்ந்து சிவக்கிறது. ஒரு முகப்பில் சிவன் ஆட, ஓரத்தில் எலும்பும் தோலுமாக ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கடல் கடந்து இவ்வளவு தொலைவில் அவரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நகர மனமில்லை. அங்கிருந்து மேலே கபால் ஸ்பியன். ஆற்றுப்படுகைப் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். நீர் வற்றும்போதுதான் அவை தெளிவாகத் தெரியும். நான் போனபோது கலங்கல் நீருக்கடியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரிந்தன. ஆனால் நீர் அவற்றின்மேல் ஓடிப் புனிதமாகி வயலுக்கு இறங்க வேண்டும் என்றுதானே செதுக்கினார்கள்?

தொன்லே சாப் ஏரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழையில் மேகாங் பெருகும்போது ஏரியிலிருந்து வடியும் ஆறு திசைமாறி ஏரிக்குள்ளேயே பாய்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரை விரியும். கம்போங் ப்லுக் கிராமத்தின் நெடுங்கால் வீடுகள் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும். அந்த ஏரிப்பக்கம் படகுப் பயணம் விற்கும் சிலர் 'பள்ளிக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள்' என்று கடைக்கு இழுப்பார்கள். கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடை உதவாது, பெரிய மழைக்கோட்டு வேண்டும். பாசி படிந்த படிகளில் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்வார் உள்ள பிடிப்பான செருப்பே நல்லது. மலைப்பக்கம் கருத்திருந்தால் கபால் ஸ்பியன் ஏறாதீர்கள். 2011 செப்டம்பரில் பந்தியாய் ஸ்ரேயில் வெள்ளம் சூழ்ந்து, சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். மூட்டுவலிக்காரர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் ஜனவரியிலேயே போகட்டும். மற்றவர்கள் ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையில், கூடுதலாக நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.